ஜான்ஸ்டன் திரும்பிய திசை: கமாண்டர் எர்னஸ்ட் எவன்ஸும் சமார் கடற்போரும்

1944 அக்டோபர் 25 அன்று காலை ஏழு மணியளவில், பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்குக் கிழக்கே, அமெரிக்கக் கடற்படையின் ஜான்ஸ்டன் என்னும் நாசகாரி (சிறிய, வேகமான போர்க்கப்பல்) தன் அணியை விட்டுத் தனியே பிரிந்து, நான்கு பெரும்போர்க்கப்பல்கள், எட்டு குரூசர்கள் (பெரும்போர்க்கப்பலுக்கு அடுத்த நிலைப் போர்க்கப்பல்கள்), பதினொரு நாசகாரிகள் கொண்ட ஜப்பானியப் படையை நோக்கித் திரும்பியது. அப்படித் திரும்பும்படி அதற்கு மேலிடத்திலிருந்து ஆணை எதுவும் வந்திருக்கவில்லை. கப்பலின் தலைவர் கமாண்டர் எர்னஸ்ட் எட்வின் எவன்ஸ் தாமாகவே எடுத்த முடிவு அது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்து ஜான்ஸ்டன் மூழ்கியது. எவன்ஸ் உயிர் பிழைக்கவில்லை. அமெரிக்காவின் மிக உயர்ந்த படைவீர விருதான மெடல் ஆஃப் ஹானர் அவருடைய மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது.

இந்த நிகழ்வைச் சொல்பவர்களில் பலர் இதை ஒரு தற்கொலைப் பாய்ச்சலாகவே சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல் எவன்ஸுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன். அன்று காலை அவர் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்த முடிவுகளை நேர வரிசையில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் தெளிவான ஒரு கணக்கு இருந்தது புலப்படும். அதோடு, புகழ்பெற்ற அந்த முதல் பாய்ச்சலை விட, கையில் டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து சென்று கப்பலைத் தகர்க்கும் வெடிகணை) ஒன்றுகூட இல்லாமல் அவர் மேற்கொண்ட பிற்பகுதிச் செயல்களே கடினமானவை என்பதும் விளங்கும்.

எவன்ஸ் 1908 ஆகஸ்ட் 13 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் பானீ என்னும் ஊரில் பிறந்தவர். செரோக்கி, கிரீக் ஆகிய அமெரிக்கப் பழங்குடிகளின் வழிவந்தவர். 1926ஆம் ஆண்டு சாதாரணக் கடற்படை வீரராகச் சேர்ந்து, அங்கிருந்தே அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரிக்குத் தேர்வாகி, 1931ஆம் ஆண்டு அதிகாரியாக வெளிவந்தார். கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு ஏறிவந்தவர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அக்காலத்தில் அவரைப் போன்ற பின்புலம் கொண்டவர்களுக்கு அந்த வழி எளிதாகத் திறந்திருக்கவில்லை.

அவருடைய மனத்தை வடித்த நிகழ்ச்சி 1942 பிப்ரவரி 27இன் ஜாவா கடற்போர். முதல் உலகப் போர்க் காலத்து வடிவமைப்பைக் கொண்ட ஆல்டன் என்னும் பழைய நாசகாரியில் அப்போது அவர் பணியாற்றினார். நேசநாடுகளின் கூட்டுப்படை அன்று சிதைந்தது. ஆல்டனும் உடனிருந்த மூன்று அமெரிக்க நாசகாரிகளும் தொலைவிலிருந்து டார்பிடோக்களைச் செலுத்தின. ஒன்றும் எதிரியைத் தொடவில்லை. பின்னர் அவை போர்க்களத்தை விட்டு விலகி, இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று சேர்ந்தன. அந்த விலகல் முறையானதுதான், ஆணைக்கு உட்பட்டதுதான். ஆயினும் எவன்ஸால் அதை மறக்க இயலவில்லை. 1943 அக்டோபர் 27 அன்று சியாட்டிலில் ஜான்ஸ்டன் கடற்படையில் சேர்க்கப்பட்ட விழாவில், புதிய கப்பலின் தலைவராக நின்று அவர் பேசிய சில வரிகள் பின்னாளில் பெரிதும் அறியப்பட்டன. இது சண்டையிடும் கப்பலாக இருக்கும், ஆபத்து இருக்கும் இடத்துக்கே இதை நான் கொண்டுசெல்வேன், உடன்வர விருப்பமில்லாதவர்கள் இப்போதே இறங்கிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஒருவரும் இறங்கவில்லை. இன்னும் இரண்டு நாள் போனால் சரியாக ஓராண்டு என்ற நிலையில் வந்த அக்டோபர் 25இன் காலையில், அன்று அங்கே நின்றிருந்த மாலுமிகளில் பலர் அதே கப்பலில்தான் இருந்தார்கள்.

இடைப்பட்ட காலத்தில் ஜான்ஸ்டன் மார்ஷல் தீவுகளின் குவாஜலீனிலும் பின்னர் குவாமிலும் கரை இலக்குகளைத் தாக்கியது. 1944 மே மாதத்தில் ஹேகார்டு, ஃபிராங்க்ஸ் ஆகிய நாசகாரிகளுடன் சேர்ந்து ஐ-176 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கியை மூழ்கடித்தது. அதற்காக எவன்ஸுக்கு வெண்கல நட்சத்திர விருது கிடைத்தது. சமாருக்கு வந்தபோது அவருடைய குழுவினர் ஓராண்டு ஒரே தலைவரின் கீழ் பழகிய கைகளாக இருந்தனர். பின்னர் நடந்தவற்றில் இந்தப் பழக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரு சிறிய அணி இவ்வளவு பெரிய படையை எதிர்கொள்ள நேர்ந்ததற்குக் காரணம் மேல்மட்டத்துத் தவறு. அக்டோபர் 20 அன்று அமெரிக்கப் படை லெய்ட்டே தீவில் இறங்கியிருந்தது. இறங்கிய படைக்கான சரக்குக் கப்பல்களை அழிப்பதற்காக வைஸ் அட்மிரல் குரிட்டாவின் தலைமையில் ஜப்பானின் நடுப்படை புறப்பட்டது. அதற்கு வரும் வழியிலேயே பேரிழப்பு: 23ஆம் தேதி நீர்மூழ்கித் தாக்குதலில் குரிட்டாவின் தலைமைக் கப்பல் அட்டாகோ மூழ்க, அவர் கடலில் நீந்திப் பிழைத்தார், 24ஆம் தேதி சிபுயான் கடலில் வான்தாக்குதலால் பெருங்கப்பல் முசாஷி மூழ்கியது. குரிட்டா பின்வாங்குவதைக் கண்ட அமெரிக்க மூன்றாம் கடற்படையின் தலைவர் அட்மிரல் ஹால்சி, அந்தப் படை இனி ஒரு பொருட்டல்ல என்று முடிவு செய்து, வடக்கே தூண்டிலாக அனுப்பப்பட்டிருந்த ஜப்பானியத் தளபதி ஒசாவாவின் விமானந்தாங்கிகளைத் துரத்திச் சென்றார். குரிட்டா வரக்கூடிய வழியான சான் பெர்னார்டினோ நீரிணையைக் காக்க ஹால்சி ஒரு படையை விட்டுச் சென்றிருக்கிறார் என்று அமெரிக்க ஏழாம் கடற்படையின் தலைவர் கின்கெய்ட் நம்பினார். அங்கே ஒரு காவல் படகுகூட இல்லை. இரவோடு இரவாகக் குரிட்டா திரும்பி வந்து அந்த நீரிணையைக் கடந்துவிட்டார்.

விடிந்தபோது அவருக்கு எதிரே இருந்தது டாஃபி 3 என்ற வானொலிப் பெயர் கொண்ட சிறு அணி. ரியர் அட்மிரல் கிளிஃப்டன் ஸ்ப்ரேக் அதன் தலைவர். வணிகக் கப்பல் அமைப்பைத் தழுவி அவசரமாகக் கட்டப்பட்ட ஆறு சிறிய விமானந்தாங்கிகள் அதில் இருந்தன. அவற்றின் வேகம் 18 நாட் (மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர்) அளவே, ஒவ்வொன்றிலும் 127 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று மட்டுமே. அவற்றுக்குக் காவலாக ஜான்ஸ்டன், ஹோயல், ஹீர்மன் ஆகிய மூன்று நாசகாரிகளும், அவற்றினும் சிறிய நான்கு துணைக்காவல் கப்பல்களும் இருந்தன. ஜப்பானியப் பக்கத்தில் யமட்டோ என்னும் பெரும்போர்க்கப்பல் இருந்தது. அதன் 46 சென்டிமீட்டர் பீரங்கிகள் செலுத்தும் குண்டு ஒவ்வொன்றும் ஒன்றரை டன்னுக்குச் சற்றே குறைவு. அதன் பீரங்கிக் கூண்டு ஒன்றின் எடை மட்டுமே ஏறக்குறைய முழு ஜான்ஸ்டனின் எடைக்குச் சமம். 6.58 மணியளவில் அந்தப் பீரங்கிகள் சுடத் தொடங்கின. எந்தக் கப்பலின் குண்டு எங்கே விழுகிறது என்று அடையாளம் காண்பதற்காக ஜப்பானியர் குண்டுகளில் சாயம் கலந்திருந்ததால், விமானந்தாங்கிகளைச் சுற்றிச் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக நீர்த்தூண்கள் எழுந்தன.

எதிரிக்கு மிக அருகில் இருந்த காவல் கப்பல் ஜான்ஸ்டன். எவன்ஸ் பிறப்பித்த ஆணைகள் ஒரே மூச்சில் வந்தன என்று பீரங்கி அதிகாரி லெஃப்டினன்ட் ராபர்ட் ஹேகன் பின்னர் பதிவு செய்தார்: அனைவரும் போர் நிலைக்கு, முழு வேகம், புகை விடத் தொடங்குக, டார்பிடோத் தாக்குதலுக்கு ஆயத்தமாகுக, சுக்கானை முழுதும் இடப்புறம் திருப்புக. புகைபோக்கியிலிருந்து கரும்புகையும் பின்தளத்து இயந்திரங்களிலிருந்து வெண்புகையும் ஒருசேர வெளியேறின. ஈரமும் கனமும் மிகுந்த காற்றில் அந்தப் புகை மேலெழும்பாமல் நீரோடு நீராகப் படிந்து, விமானந்தாங்கிகளை மறைத்தது.

புகைத்திரை விரித்ததோடு ஒரு காவல் கப்பலின் கடமை முடிந்துவிடாதா? இந்தக் கேள்வியில்தான் எவன்ஸின் முதல் முடிவு அடங்கியிருக்கிறது. 18 நாட் செல்லும் கப்பல்களை அதைவிட மிக வேகமாகச் செல்லும் குரூசர்கள் துரத்தும்போது, புகை சில நிமிடங்களைத்தான் வாங்கித் தரும். ஜான்ஸ்டனின் ஐந்து பீரங்கிகளால் பெரும்போர்க்கப்பலின் கவசத்தை எதுவும் செய்ய முடியாது. பெரிய கப்பலை நிறுத்தக்கூடியதாக அதனிடம் இருந்தவை பத்து டார்பிடோக்கள் மட்டுமே. அவற்றைப் பயனுள்ள தொலைவிலிருந்து செலுத்த வேண்டுமானால் ஒன்பது கிலோமீட்டர் அளவுக்காவது நெருங்கியாக வேண்டும். தொலைவிலிருந்து செலுத்தினால் என்ன ஆகும் என்பதை ஜாவா கடலில் அவர் கண்ணால் கண்டிருந்தார். காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஒரு குண்டு அவருடைய டார்பிடோக்களைச் செலுத்தும் முன்பே அழித்துவிடக்கூடும். ஆகவே, தாக்குவதாக இருந்தால் அப்போதே தாக்க வேண்டும் என்பதே கணக்கு. ஸ்ப்ரேக்கிடமிருந்து டார்பிடோத் தாக்குதலுக்கான ஆணை 7.16 மணிக்கு வந்தபோது ஜான்ஸ்டன் ஏற்கெனவே பாதி வழியைக் கடந்திருந்தது.

இன்னொரு கணக்கும் இருந்தது. அதை இந்த நிகழ்வைப் பற்றிய பல கட்டுரைகள் கண்டுகொள்வதில்லை. அமெரிக்க நாசகாரிகளின் பீரங்கிகளை ரேடாரும் கணிப்பு இயந்திரமும் சேர்ந்து குறிவைத்தன. கப்பல் எப்படி வளைந்து நெளிந்து ஓடினாலும் அந்த இயந்திரம் குறியை விடாது பிடித்திருக்கும். ஜப்பானியரோ பெரும்பாலும் கண்ணாடிக் கருவிகளின் வழியே பார்த்து, விழுந்த குண்டின் நீர்த்தூணைக் கொண்டு அடுத்த குண்டைத் திருத்துபவர்கள். புகையும் மழையும் அவர்களுடைய பார்வையை மறைத்தன. எதிரியின் குண்டு கடைசியாக விழுந்த இடத்தை நோக்கியே கப்பலைத் திருப்பினால், திருத்தப்பட்ட அடுத்த குண்டு வேறிடத்தில் விழும் என்பது நாசகாரித் தலைவர்களின் பழைய உத்தி. எவன்ஸ் அதையே செய்தார். நெருங்கும் வழியில் ஹேகனின் பீரங்கிகள் குமானோ என்னும் கனரகக் குரூசரின் மேல்கட்டுமானத்தின் மீது இருநூறுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் செலுத்தின. பின்னர் பத்து டார்பிடோக்களும் கடலில் இறங்கின. ஜான்ஸ்டன் திரும்பித் தன் புகைக்குள்ளேயே மறைந்தது.

7.27 மணிக்கு ஒரு டார்பிடோ குமானோவின் முகப்பைப் பிய்த்தெறிந்தது. அந்தக் குரூசர் பிரிவின் தலைமைக் கப்பல் அது. வான்தாக்குதலில் சேதமடைந்திருந்த சுசுயாவுக்குப் பிரிவுத் தலைவர் மாற, இரண்டு குரூசர்களும் துரத்தலிலிருந்து பின்தங்கின. அதாவது, குரிட்டாவின் ஆறு கனரகக் குரூசர்களில் இரண்டு முதல் அரைமணி நேரத்துக்குள் களத்தின் முன்வரிசையிலிருந்து நீங்கின. அதில் ஒன்று முழுக்க ஜான்ஸ்டனின் வேலை.

விலை உடனே வந்தது. 7.30 மணியளவில் மூன்று பெருங்குண்டுகளும் அவற்றைத் தொடர்ந்து மூன்று சிறிய குண்டுகளும் ஜான்ஸ்டனைத் தாக்கின. பெருங்குண்டுகள் கொங்கோ என்னும் ஜப்பானியப் பெரும்போர்க்கப்பலினுடையவை என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. அவை யமட்டோவினுடையவை என்பது பிற்கால ஆய்வாளர் சிலரின் கருத்து. எதுவாயினும், கனத்த கவசத்தைத் துளைப்பதற்கென்று செய்யப்பட்ட குண்டுகள் நாசகாரியின் மெல்லிய தகட்டைத் துளைத்துச் சென்றதால்தான் கப்பல் அப்போதே பிளந்துபோகவில்லை. பின்புற இயந்திர அறை அழிந்தது. சுக்கான் இயந்திரத்துக்கும் பின்புறப் பீரங்கிகளுக்கும் மின்சாரம் நின்றது. வேகம் 17 நாட்டாகக் குறைந்தது. கட்டளை மேடையில் பலர் இறந்தனர். எவன்ஸின் இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. மேற்சட்டை கிழிந்து பறந்தது. தம்மைக் கவனிக்க வந்த மருத்துவரை, மற்றவர்களைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டு, கையில் ஒரு கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மேடையிலேயே நின்றார்.

அந்நேரம் பெய்த மழை கப்பலைச் சில நிமிடங்கள் மறைத்தது. பழுது பார்க்கும் குழுக்கள் அதற்குள் பீரங்கிகள் சிலவற்றுக்கு மின்சாரத்தை மீட்டன. சுக்கானைப் பின்புறத்திலிருந்து கையால் திருப்ப ஆட்கள் நின்றனர்.

இங்கேதான் இந்த ஆய்வுக்கு மிக முக்கியமான இடம் வருகிறது. டார்பிடோக்கள் தீர்ந்தன, பாதி இயந்திரம் இல்லை, தலைவர் காயம்பட்டிருக்கிறார். அப்போது விலகிச் சென்றிருந்தால் எந்த விசாரணை மன்றமும் எவன்ஸைக் குறை சொல்லியிருக்காது. ஆனால் ஹோயல், ஹீர்மன், துணைக்காவல் கப்பலான சாமுவேல் பி. ராபர்ட்ஸ் ஆகியவை தங்கள் டார்பிடோக்களுடன் எதிரியை நோக்கிச் செல்வதை மழையினூடே கண்ட அவர், அவற்றின் பின்னால் சென்று பீரங்கித் துணை கொடுப்போம் என்று கப்பலைத் திருப்பினார். ஜான்ஸ்டன் சுடும்வரை எதிரி அதையும் ஒரு இலக்காகக் கொள்ள வேண்டும். அந்த அளவுக்கு மற்ற மூன்றின் மீதான நெருப்பு குறையும். தன்னிடம் ஆயுதம் இல்லாதபோது தன் கப்பலையே எதிரியின் கவனத்தை ஈர்க்கும் பொருளாக்கியது இந்த முடிவு. அந்தத் தாக்குதலில் செலுத்தப்பட்ட டார்பிடோக்களுக்கு நடுவே சிக்கிய யமட்டோ, அவற்றிலிருந்து தப்பப் பத்து நிமிடமளவு வடக்கு நோக்கி ஓடியது. போரின் முக்கியமான நேரத்தில் குரிட்டாவுக்குக் களமே கண்ணுக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் புகையிலிருந்து திடீரென வெளிப்பட்ட ஹீர்மனுடன் மோதாமல் சில அடி இடைவெளியில் ஜான்ஸ்டன் தப்பியது. அடுத்து ஒரு பெரும்போர்க்கப்பல் ஏழாயிரம் கெஜத் தொலைவில் தோன்ற, ஹேகன் அதன் மேல்கட்டுமானத்தைச் சுட்டார். 8.30 மணியளவில் கேம்பியர் பே என்னும் விமானந்தாங்கியை ஒரு குரூசர் தாக்கிக்கொண்டிருப்பதைக் கண்டபோது, அதன் கவனத்தை நம் பக்கம் இழுக்க வேண்டும் என்று சொல்லியே எவன்ஸ் சுட ஆணையிட்டார். குரூசர் திரும்பிப் பார்க்கவில்லை; கேம்பியர் பே மூழ்கியது. எல்லா முயற்சியும் பலிக்கவில்லை என்பதையும் பதிவில் வைக்க வேண்டும்.

அப்போது யகாகி என்னும் இலகுரகக் குரூசரின் தலைமையில் ஜப்பானிய நாசகாரிகள் விமானந்தாங்கிகளை நோக்கி டார்பிடோத் தாக்குதலுக்கு வருவது தெரிந்தது. அன்றைய காலையில் விமானந்தாங்கிகளுக்கு நேர்ந்த மிகப் பெரிய ஆபத்துகளில் இதுவும் ஒன்று. ஜப்பானிய டார்பிடோக்கள் அக்காலத்தில் உலகிலேயே மிகுந்த தொலைவும் அழிவாற்றலும் கொண்டவை. எவன்ஸ் 17 நாட் வேகத்தில், ஓர் இயந்திரத்துடன், அந்த வரிசையின் குறுக்கே தனியாகச் சென்று முதலில் யகாகியையும் பின்னர் அடுத்த கப்பலையும் சுட்டார். யகாகி விலகித் திரும்பியது. ஜப்பானியர் நல்ல நிலையை அடையும் முன்பே, நெடுந்தொலைவிலிருந்து டார்பிடோக்களைச் செலுத்திவிட்டுத் திரும்பினர். ஒன்றும் விமானந்தாங்கிகளை எட்டவில்லை. இனி நான் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை என்று எவன்ஸ் மேடையில் மகிழ்ந்து சொன்னதாக ஹேகன் எழுதியிருக்கிறார். என் கணிப்பில் மெடல் ஆஃப் ஹானருக்கு உரிய செயல் இதுதான். காலை ஏழு மணியின் பாய்ச்சல் அல்ல. ஏழு மணிக்கு அவரிடம் 35 நாட்டுக்கு மேற்பட்ட வேகமும் பத்து டார்பிடோக்களும் சேதமற்ற கப்பலும் இருந்தன. ஒன்பது மணிக்கு அவற்றில் ஒன்றும் இல்லை.

இதற்குப் பின் எதிரிக் கப்பல்கள் ஜான்ஸ்டனைச் சூழ்ந்தன. கட்டளை மேடை எரிந்தது. 9.20 மணியளவில் எவன்ஸ் பின்தளத்துக்கு நடந்து சென்று, திறந்திருந்த ஒரு புழைவாயின் வழியாகக் கீழே சுக்கானைக் கையால் திருப்பிக்கொண்டிருந்தவர்களுக்கு உரக்கக் கத்தித் திசை சொன்னார். மீதமிருந்த இயந்திரமும் நின்றது. 9.45 மணிக்குக் கப்பலைக் கைவிட ஆணையிட்டார். 10.10 மணிக்கு ஜான்ஸ்டன் மூழ்கியது. அருகே வந்த ஒரு ஜப்பானிய நாசகாரியின் தலைவர், மூழ்கும் கப்பலுக்கு வணக்கம் செலுத்தியதைத் தப்பியவர்கள் கண்டார்கள். இதில் மனத்தை அறுக்கும் உண்மை ஒன்று உண்டு: படையை வடக்கே திரும்ப அழைக்கும் ஆணையைக் குரிட்டா ஏறத்தாழ 9.11 மணிக்கே பிறப்பித்துவிட்டார்.

குரிட்டா ஏன் திரும்பினார் என்பதில் முழு பெருமையையும் ஒரு நாசகாரிக்குக் கொடுப்பது சரியாகாது. டாஃபி 3 உட்பட அப்பகுதியில் இருந்த மூன்று டாஃபி அணிகளின் விமானங்கள் இடைவிடாமல் தாக்கின. சுசுயா, சோக்காய், சிக்குமா ஆகிய குரூசர்களின் இழப்பில் அவற்றின் பங்கு பெரிது. குண்டு தீர்ந்த பின்னும் விமானிகள் வெறுமனே தாழப் பறந்து எதிரியை விலகி ஓட வைத்தார்கள். தொடக்கத்திலேயே ஒவ்வொரு கப்பலும் தன் போக்கில் தாக்கலாம் என்று ஆணையிட்டதால் குரிட்டாவின் படை சிதறியிருந்தது. எதிரே இருப்பவை ஹால்சியின் பெரிய விமானந்தாங்கிகள் என்றே அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஜான்ஸ்டனும் காரணம் என்று நினைக்கிறேன். பலவீனமான அணியின் காவல் கப்பல் இப்படித் தாக்க வரும் என்று எந்தத் தளபதியும் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆறு விமானந்தாங்கிகளில் ஐந்து அந்தப் பீரங்கிப் போரிலிருந்து தப்பின. அவற்றில் செயின்ட் லோ அன்று முற்பகலிலேயே காமிகாசி எனப்படும் தற்கொலை விமானத் தாக்குதலில் மூழ்கியது. ஹோயலும் சாமுவேல் பி. ராபர்ட்ஸும் ஜான்ஸ்டனைப் போலவே மூழ்கின.

விருதுரை எவன்ஸின் புகைத்திரையையும் முதல் தாக்குதலையும் பின்தளத்திலிருந்து நடத்திய இறுதிச் சண்டையையும் குறிப்பிடுகிறது. அமெரிக்கக் கடற்படையில் இவ்விருதைப் பெற்ற முதல் பழங்குடியினர் அவர். 1957இல் பணியில் சேர்ந்த ஒரு துணைக்காவல் கப்பலுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 2023இல் புதிய நாசகாரி ஒன்றுக்கும் அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. 2021 மார்ச் மாதம் 6,456 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிய ஆய்வு நீர்மூழ்கியில் இருந்தவர்கள், ஜான்ஸ்டனின் முன்பகுதியில் 557 என்ற எண் இன்னும் தெளிவாகத் தெரிவதைப் படம் பிடித்தார்கள்.

ஆனால் விருதுரை நின்றுவிடும் இடத்தில் இந்த நிகழ்வு முடியவில்லை. கப்பலில் இருந்த 327 பேரில் 186 பேர் இறந்தனர். அவர்களில் எதிரியின் குண்டால் நேரடியாக இறந்தவர்கள் ஏறத்தாழ 50 பேர் மட்டுமே. சுமார் 45 பேர் காயங்களோடு மிதவைகளில் கிடந்து இறந்தனர். எவன்ஸ் உட்பட ஏறத்தாழ 92 பேர் கப்பல் மூழ்கும் முன் உயிரோடு நீரில் இறங்கியும் பின்னர் காணப்படவில்லை. தப்பியவர்கள் இருக்கும் இடம் மேலிடத்துக்குத் தவறாகத் தெரிவிக்கப்பட்டதால், மீட்புக் கப்பல்கள் வேறிடத்தில் தேடின. சுறாக்கள் திரியும் நீரில் இரண்டு இரவுகள் கழிந்து, 27ஆம் தேதிதான் உதவி வந்து சேர்ந்தது. ஹால்சியின் முடிவைப் பற்றி எண்ணற்ற பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. காலையில் தன்னைக் காத்த மாலுமிகளை அன்று மாலைக்குள் கண்டெடுக்க ஒரு பெருங்கடற்படையால் இயலாமற்போனது, அதைவிடக் குறைவான தவறல்ல. மீட்கப்பட்டவர்கள் 141 பேர் மட்டுமே.